மேடையில நிக்கிற லீடர்களே, உங்க 26ஏஎஸ் டாக்ஸ் ஸ்டேட்மெண்ட்ட காட்டுங்க

வணக்கம்ங்க.

ஞாயித்துக்கிழமை காலைல கோட்டு போட்டு டை கட்டி ஹோட்டல் ஹால்லயோ மண்டபத்துலயோ மைக் பிடிக்கிற நெட்வொர்க் மார்க்கெட்டிங் (எம்எல்எம்) லீடர்களுக்குத் தான் இத எழுதுறேன், அதாவது பொருள வித்து, கீழ ஆள் சேத்து, அவங்க மூலமாவும் கமிஷன் வாங்கற தொழில்ல இருக்கறவங்களுக்கு. டைரக்டரோ டைமண்டோ கிரவுனோ, உங்க ரேங்க்குக்கு என்ன பேரு இருந்தாலும் சரி. எந்தக் கம்பெனின்னு பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா கம்பெனி மாறினாலும் மீட்டிங் மாறல, பேசுற பேச்சு மாறல, புதுசா வந்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கற பாடமும் மாறல.

நான் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஜூன் ஜூலை ஆச்சுன்னா இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் போட வர்ற கூட்டத்துல உங்க டீம் ஆளுங்களும் வருவாங்க, சில நேரம் லீடர்களே வருவாங்க. அதனால ஸ்டேஜ்ல சொல்ற கணக்கும் காதுல விழுது, பேப்பர்ல நிக்கிற கணக்கும் கண்ணுல படுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்த பாத்து பாத்து மனசு ஆறாம தான் இத எழுத உக்காந்தேன்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஜெயிக்காதவங்களுக்கு ஜெயிச்ச மாதிரி நடிக்கச் சொல்லிக் குடுக்கறத தயவு செஞ்சு நிறுத்துங்க. உங்க பொருள் நல்லதா கெட்டதா, கமிஷன் பிளான் ஆளுக்கு ரெண்டு பேர சேக்கற பைனரியா வேற ஏதாவதாங்கற பேச்செல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், எனக்கு மொதல்ல இந்த நடிப்பு நிக்கணும்.

சேர்ந்த மொத வாரத்துலயே க்ரூப்ல என்னென்ன வாய்ஸ் மெசேஜ் வருதுன்னு உங்களுக்கே தெரியும். "வருமானம் வந்துச்சான்னு யாராச்சும் கேட்டா சூப்பரா போகுதுன்னு மட்டும் சொல்லு", "பஸ்ல வந்தேன்னு வாய் தவறிக் கூட சொல்லிடாத", "ஆள் பாதி ஆடை பாதி, கடன வாங்கியாவது நல்லதா ரெண்டு செட் எடு", "டெய்லி மூணு ஸ்டேட்டஸ் போடு, அதுல ஒண்ணு உன் லைஃப்ஸ்டைல் பத்தி இருக்கணும்". இதுக்கு நீங்க வெச்சிருக்கற பேரு பிசினஸ் மைண்ட்செட். நம்பி வர்றவங்ககிட்ட பொய் சொல்றதுக்கு ட்ரெயினிங் குடுக்கறீங்கன்னு தான் நான் பாக்குறேன், வேற எப்படி யோசிச்சும் எனக்கு வேற மாதிரி தோணல.

என் சித்தி பொண்ணு பெருந்துறை பக்கம் இருக்கா. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறாரு, இவ ஒரு ஜவுளிக்கடைல பில் போட்டுட்டிருந்தா. ஒரு அக்கா கூட்டிட்டுப் போயி மீட்டிங்ல உக்கார வெச்சாங்க, மகளிர் குழுவுல லோன் எடுத்து மொத பேக்கேஜ் வாங்கி மெம்பர் ஐடி போட்டா. கொஞ்ச நாள்ல அவ ஸ்டேட்டஸ பாத்தா ஒரு வெள்ளை கார் மேல சாஞ்சு நிக்கிறா, கீழ "மை ட்ரீம், மை டீம்"னு எழுதியிருக்கு. அந்த கார் ஹோட்டல் பார்க்கிங்ல யாரோ விட்டுட்டுப் போன கார். இவள சேத்து விட்ட அப்லைன் அக்கா தான் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்திருக்காங்க. நான் அவ வீட்டுக்குப் போனப்ப கட்டிலுக்கு அடியில புரோட்டீன் பவுடர் டப்பா வரிசையா அடுக்கியிருந்துச்சு, மூடி மேல துணி போட்டு மூடி. ஒவ்வொண்ணா வெளிய எடுத்து திருப்பித் திருப்பி தேதி பாத்தோம், பாதி டப்பா அடுத்த ரெண்டு மாசத்துல எக்ஸ்பயரி. எதுக்குடி இத்தனை வாங்குனேன்னு கேட்டா, மாசக் கடைசில சரக்கு எடுத்த பாயிண்ட் குறைஞ்சா ரேங்க் போயிடும்னு சொன்னாங்க, அதனால சொந்தக் காச போட்டு எடுத்து வெச்சேன்னு சொல்றா. வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னு கேட்டேன். தல குனிஞ்சுக்கிட்டா. அவர்கிட்டயும் சூப்பரா போகுதுன்னு தான் சொல்லியிருக்கா.

இதுல என்னால தாங்கிக்க முடியாத இடம் எதுன்னா, அந்த ஸ்டேட்டஸ பாத்து ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க. ஒண்ணு பக்கத்து வீட்டுப் பொண்ணு, இன்னொண்ணு தெருக்கோடில பிளவுஸ் தைக்கிற டெய்லர் அக்கா, அவங்க தோட அடகு வெச்சு சேர்ந்திருக்காங்க. இவளுக்கு ஒரு மாசமாவது லாபம் நின்னிருந்தா கூட சரி, போகட்டும்னு விடலாம், நின்னதே இல்ல. இவ தனக்கு நஷ்டம்னு தெருவுல ஒரு வார்த்தை வாய் விட்டு சொல்லியிருந்தா அந்த அக்கா தோடு அடகுக் கடைக்குப் போயிருக்காது. வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது நீங்க.

இத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு தெருவுல புதுசா ஹோட்டல் திறந்து ஓடலன்னா ஊருக்கே தெரியும், டேபிள் காலியா கிடக்கும், அடுத்தவன் அதே இடத்துல கடை போட யோசிப்பான். உங்க தொழில்ல அந்த மாதிரி எச்சரிக்கை வெளிய வரவே வழியில்லாம பண்ணி வெச்சிருக்கீங்க. டீம்ல நூறு பேர் இருந்து தொண்ணூறு பேருக்கு கைக்காசு போயிட்டிருந்தாலும் வெளிய இருந்து பாக்குறவனுக்கு நூறு பேரும் சிரிச்சுட்டு கைதட்டுற போட்டோ தான் தெரியும். விட்டுட்டுப் போனவங்கள பத்தி பேசக்கூடாது, கேள்வி கேக்குறவங்க நெகட்டிவ் பீப்பிள், அவங்க நம்பர பிளாக் பண்ணு. அண்ணன் தம்பி, பெத்தவங்க கூட நெகட்டிவ் லிஸ்ட்ல போயிடறாங்க. கடைசில நஷ்டத்துல இருக்கறவங்க உண்மைய பேசறதுக்கு ஒரு ஆள் மிஞ்சறதில்ல, அப்லைன் மட்டும் தான் மிச்சம், அப்லைன்கிட்ட சொன்னா இன்னும் ஒரு ட்ரெயினிங் டிக்கெட் வாங்குன்னு பதில் வருது.

இப்ப என் வேலை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் சொல்றேன். ஸ்டேஜ்ல ஆள் உயரத்துக்கு தெர்மோகோல் செக் பிடிச்சு நிக்கிறீங்க, மாசம் ஒரு லட்சம், ரெண்டு லட்சம்னு சொல்றீங்க. கமிஷன் வருமானத்துக்கு டிடிஎஸ் உண்டு, அதாவது காசு குடுக்கறப்பவே வரி பிடிச்சுக்கறது. இப்ப இருக்கற விதிப்படி ஒருத்தருக்கு வருசத்துல 20,000 ரூபாய்க்கு மேல கமிஷன் போச்சுன்னா கம்பெனி 2 சதவீதம் பிடிச்சு கவர்மெண்ட்டுக்கு கட்டணும். 2024 அக்டோபருக்கு முன்னாடி அது 5 சதவீதமா இருந்துச்சு. ஆக மாசம் 1 லட்சம்னா வருசத்துக்கு 12 லட்சம், அதுக்கு 24,000 ரூபா டிடிஎஸ், அது உங்க பான் நம்பர்ல 26ஏஎஸ்ங்கற இன்கம் டாக்ஸ் ஸ்டேட்மெண்ட்ல அப்படியே நிக்கும், எந்தக் கம்பெனி எவ்வளவு குடுத்துச்சுன்னு வரி வரியா இருக்கும். போன்ல ரெண்டு நிமிஷத்துல டவுன்லோட் பண்ணிடலாம். ஒரு லீடர் கூட மீட்டிங்ல அத ஸ்கிரீன்ல போட்டு நான் பாத்ததில்ல. எப்பவும் ஆப்போட ஸ்கிரீன்ஷாட் தான், அதுல இருக்கறது டீமோட டர்ன்ஓவரா, உங்க கமிஷனா, ஒரு மாசத்துதா, சேர்ந்த நாள்ல இருந்து மொத்தமான்னு கீழ உக்காந்திருக்கறவனுக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, தெரியக்கூடாதுன்னு தான் அத காட்டறீங்களோன்னு எனக்கு சந்தேகம்.

26ஏஎஸ்ல இருக்கறதும் கமிஷன் தான், லாபம் கிடையாது. பெட்ரோல், ஹால் வாடகை, வர்றவங்களுக்கு டீ பிஸ்கட், ஃபங்ஷன் டிக்கெட், வெளியூர் மீட்டிங்குக்கு ரூம், மாசா மாசம் சொந்தமா எடுக்கற சரக்கு, இத்தனையும் கழிச்சாத்தான் கையில என்ன நிக்குதுன்னு தெரியும். எங்க ஆபீஸுக்கு வர்றவங்ககிட்ட இந்த செலவெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதச் சொன்னா பாதி எழுதறப்பவே பேனாவ கீழ வெச்சுடறாங்க. இன்னும் சிலர் வேற மாதிரி வருவாங்க, ரேங்க் ஏறியாச்சு இனிமே கார்ல தான் வரணும்னு அப்லைன் சொல்லிட்டாரு, லோனுக்கு பேங்க்ல ரிட்டர்ன் கேக்குறாங்க, வருமானத்த கொஞ்சம் கூட்டிக் காட்டிப் போட்டுக் குடுங்கன்னு கேப்பாங்க. எங்க ஆடிட்டர் முடியாதுன்னு அனுப்பிடுவாரு. எங்கயோ போயி போட்டுப்பாங்க, கார் வரும், அந்த கார் முன்னாடி நின்னு இன்னும் பத்து பேர் போட்டோ எடுப்பாங்க, இஎம்ஐ கட்டறது அந்த ஒருத்தர் தான்.

நீங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்கன்னு நான் சொல்லல. உங்கள்ல நெறைய பேர் இதே நடிப்புக்குள்ள மாட்டிக்கிட்டவங்க தான், நல்ல மனுசங்க, நம்பிக்கையோட தான் வந்தீங்க. நேரடியா பொருள வித்து அந்த மார்ஜின்ல குடும்பம் நடத்துற அக்காமாரும் இருக்காங்க, அவங்க மேல எனக்கு மரியாதை தான். ஆனா நீங்க ஒயிட் போர்டுல வட்டம் போட்டு காட்டுற பிளான்ல ஜெயிக்க முடியாதவங்களோட எண்ணிக்கை ஏற்கனவே எழுதியே இருக்கு. ஆளுக்கு 5 பேர், அந்த 5 பேருக்கு 5 பேர்னு போட்டா ஆறாவது படியில 15,625 பேர், பதினொண்ணாவது படியில 4 கோடியே 88 லட்சம் பேர் வேணும். 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டோட மொத்த ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம் தான், அதுல பால் குடிக்கற குழந்தையும் அடக்கம். பன்னெண்டாவது படிக்கு 24 கோடி பேருக்கு எங்க போறது? அட அவ்வளவு தூரம் போக வேண்டாம், எந்தப் படியில நிறுத்தினாலும் மொத்த ஆளுங்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் கடைசிப் படியில தான் நிப்பாங்க, அவங்களுக்குக் கீழ ஒருத்தரும் இல்ல. அவங்கள தான் சோம்பேறி, மைண்ட்செட் சரியில்ல, ஃபாலோ அப் பண்ணலன்னு மேடைல திட்டறீங்க. அவங்க எவ்வளவு ஓடினாலும் அந்த 80 சதவீதத்துல யாராவது இருந்தே ஆகணும், கணக்கு அப்படி.

வெளிநாட்டு கணக்கு ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துடுங்க. அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்ப பாக்குற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 செப்டம்பர்ல ஒரு ரிப்போர்ட் விட்டுச்சு. 70 எம்எல்எம் கம்பெனிங்க தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைய எடுத்து வெச்சு பாத்திருக்காங்க. பெரும்பாலான ஆளுங்களுக்கு வருசத்துக்கே 1,000 டாலர் இல்லன்னா அதுக்கும் கம்மி. குறைஞ்சது 17 கம்பெனில பெரும்பாலானவங்களுக்கு ஒத்தப் பைசா வரல. இதுவும் பல அறிக்கைகள்ல செலவ கழிக்காம சொன்ன கணக்கு. அங்க கம்பெனிங்க அப்படி ஒரு அறிக்கையாவது வெளியிடுதுங்க, நம்ம ஊர் ஹால்ல மைக்கும் தெர்மோகோல் செக்கும் மட்டும் தான் இருக்கு.

அடுத்தது இன்னும் பயமா இருக்கற விஷயம். பணக்காரன் மாதிரி நடிக்கறதோட நிக்காம டாக்டர் மாதிரியும் நடிக்கச் சொல்றீங்க. நேத்து வரைக்கும் பில் போட்டுட்டிருந்த பொண்ணு சனி ஞாயிறு ரெண்டு நாள் ட்ரெயினிங் முடிச்சதும் "வெல்னஸ் கோச்"னு போட்டுக்கறா. யாருக்கு சுகர், யாருக்கு தைராய்டு, யாருக்கு குழந்தை இல்லன்னு லிஸ்ட் எழுதச் சொல்றீங்க, ஒவ்வொரு வியாதிக்கும் எந்த டப்பா, எத்தனை ஸ்பூன்னு ஒரு சார்ட் கையில குடுக்கறீங்க. அந்த டப்பாவையே திருப்பிப் பாருங்க, மருந்தா பயன்படுத்தறதுக்கு இல்லன்னு அதுலயே அச்சடிச்சிருக்கும், ஊட்டச்சத்துப் பொருளுக்கு அப்படிப் போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி இருக்கு. ஆனா அது இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருக்கும், வாங்குற பாட்டிக்கு படிக்கத் தெரியாது. சுகர் குணமாகும், கேன்சர் குணமாகும்னு விளம்பரம் பண்றத 1954-லயே சட்டம் போட்டு தடை பண்ணியாச்சு, வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைக்காதீங்க. சுகர் மாத்திரைய நிறுத்திட்டு பவுடர் கலக்கிக் குடிச்சவருக்கு கால் புண்ணு ஆறலன்னா அந்த கோச் பொண்ணு என்ன பண்ணுவா சொல்லுங்க, உங்களுக்கு போன் பண்ணுவா, நீங்க "உடம்புல இருக்கற கழிவு வெளிய வருது, இன்னும் ஒரு மாசம் கண்டின்யூ பண்ணச் சொல்லு"ம்பீங்க. இந்த பதில நானே ஸ்பீக்கர் போன்ல கேட்டிருக்கேன்.

சட்டம் பத்தி உங்க மீட்டிங்ல ஒரே ஒரு வரி தான் சொல்றீங்க, "நம்மளது கவர்மெண்ட் அப்ரூவ்ட்"னு. மிச்ச வரிகளையும் படிங்க. 2021 டிசம்பர் 28-ந்தேதி வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள்ல, சேர்றதுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. சேர்ந்துட்டு வேண்டாம்னு தோணினா அபராதம் இல்லாம விலகிக்க ஒரு அவகாசம் குடுக்கணும்னு இருக்கு. கம்பெனி அனுமதிக்காத எந்த நோட்டீஸையும் சேர வர்றவங்ககிட்ட குடுக்கக் கூடாது, கம்பெனி சொல்லாத எதையும் சொல்லி விக்கக் கூடாது, முன்கூட்டி கேக்காம, ஐடி கார்டு இல்லாம ஒருத்தர் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆள் சேத்து சங்கிலியா காசு சுத்தற பிரமிட் திட்டம் நடத்தறது கம்பெனிக்கு மட்டும் தப்பு இல்ல, அதுல ஆள சேத்து விடற டைரக்ட் செல்லருக்கும் தப்பு. 1978 சட்டப்படி பண சுழற்சித் திட்டத்துக்கு 3 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதாவது உங்க பேச்ச நம்பி தெருவுல நாலு பேர சேத்து விட்ட உங்களுக்குக் கீழ சேர்ந்த அந்த டவுன்லைன் பொண்ணும் நாளைக்கு பதில் சொல்ல வேண்டி வரலாம், இத சேர்றப்ப அவளுக்கு யாரு சொன்னீங்க?

2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை ஆம்வே இந்தியாவோட 757.77 கோடி ரூபா சொத்த முடக்குனப்ப, புதுசா வர்றவங்க பொருள உபயோகிக்க வாங்கல, மேல இருக்கறவங்க காட்டுன மாதிரி பணக்காரங்க ஆகலாம்னு வாங்குறாங்கன்னு குற்றம் சாட்டுச்சு. கம்பெனி தரப்புல இது 2011-ல இருந்து நடக்கற விசாரணை, நாங்க ஒத்துழைச்சுட்டு தான் இருக்கோம்னு சொன்னாங்க. யாரு பக்கம் நியாயம்னு முடிவு பண்றது கோர்ட் வேலை, எனக்கு அந்த "மேல இருக்கறவங்க காட்டுன மாதிரி" தான் மனசுல நின்னுச்சு, ஏன்னா பெருந்துறைல நடந்ததும் அதே தான். 2024 ஜனவரில கோயமுத்தூர் நீலாம்பூர்ல ஆயிரக்கணக்குல ஜனங்க ரோட்டோரமா கூடுனது ஞாபகம் இருக்கும், விளம்பரம் பாத்தா காசுன்னு சொன்ன ஒரு ஆப் கம்பெனி மேல கேஸ் போட்டதுக்கு கம்பெனிக்கு ஆதரவா வந்த கூட்டம் அது. டிவில பாத்தவங்க என்னடா இப்படி ஏமாளியா இருக்காங்கன்னு பேசுனாங்க, எனக்கு அப்படித் தோணல. அதுல எத்தனையோ பேர் தன் பேச்ச நம்பி சொந்தக்காரங்களையும் சிநேகிதங்களையும் சேத்து விட்டவங்களா இருந்திருப்பாங்க, கம்பெனி நல்லதுன்னு நின்னா தான் அவங்க தெருவுல தல நிமிந்து நடக்க முடியும். அந்தப் பாரத்த அவங்க தலைல ஏத்தி வைக்கறது இந்த நடிப்பு தான்.

கேக்க வேண்டியத கேட்டுடறேன். அடுத்த மீட்டிங்ல உங்க கடைசி மூணு வருச 26ஏஎஸ்ஸ ஸ்கிரீன்ல போடுங்க, பான் நம்பர மறைச்சுக்கங்க, தொகைய மட்டும் காட்டுங்க. அதே வருசங்கள்ல எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு பக்கத்துல எழுதுங்க. உங்க டீம்ல மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தாங்க, இப்ப எத்தனை பேர் இருக்காங்க, அதுல எத்தனை பேருக்கு போன மாசம் செலவு போக காசு நின்னுச்சுன்னு வாய் விட்டு சொல்லுங்க. அப்பவும் ஒருத்தர் சேர்ந்தா அது அவர் தெரிஞ்சு எடுத்த முடிவு, நான் குறுக்க வரல. க்ரூப்ல தினமும் குட் மார்னிங் போடற இடத்துல ஒரு நாள், நஷ்டத்துல இருக்கறவங்க தைரியமா சொல்லுங்க, யாரும் உங்கள திட்ட மாட்டோம்னு ஒரு மெசேஜ் போடுங்க. விலகணும்னு நினைக்கறவங்களுக்கு எப்படி விலகறது, சரக்க எப்படித் திருப்பறதுன்னு சொல்லுங்க, கம்பெனி கேக்கலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணலாம்னு அந்த நம்பரையும் சேத்து போடுங்க.

அந்த டெய்லர் அக்காவோட பில்லும் பிரிக்காத மூணு டப்பாவும் இப்ப எங்க வீட்டுல தான் இருக்கு. அவங்க அப்லைனோட அப்லைன் இத படிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, எங்க கொண்டு வரணும்னாலும் நானே கொண்டு வந்து தர்றேன், காச அந்த அக்கா கையில குடுத்துடுங்க. தோடு இன்னும் அடகுல தான் இருக்கு, வட்டி ஏறிட்டிருக்கு.